சோமுவுக்கு இன்னொரு யூனிட் கூட்டலாமா?

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். அவருடைய பூனைக்கு வயது 11. ஆண், கருத்தடை செய்யப்பட்டது. பெயரை மாற்றி சோமு என்று வைத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் 7 கிலோ இருந்தவன். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே இளைத்தான். தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராமல், மணல் தட்டை ஓயாமல் நனைத்ததால் விலங்கு மருத்துவரிடம் கொண்டுபோயிருக்கிறார். நீரிழிவு. காலை 7 மணிக்கும் இரவு 7 மணிக்கும் விலங்குகளுக்கான ‘கேனின்சுலின்’ என்ற இன்சுலினை 1 யூனிட் போடச் சொன்ன மருத்துவர், இரண்டு வாரம் கழித்து அதை 2 யூனிட் ஆக்கினார்.

வாசகியின் தாயாரும் பல ஆண்டுகளாக இன்சுலின் போடுபவர். அம்மாவின் குளுக்கோமீட்டரிலேயே சோமுவின் காதிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, ஒவ்வோர் ஊசிக்கு முன்பும் பார்த்து நோட்டில் எழுதி வருகிறார். ரத்தச் சர்க்கரை, லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில், 17, 19, 21, 18. எண் இறங்கவே இல்லை. இதற்கிடையே, உலர் உணவு நல்லதில்லை என்று எங்கோ படித்துவிட்டு, மூன்று வாரத்துக்கு முன் முழுவதும் டின் உணவுக்கு மாற்றிவிட்டார். பிறகு ஒரு சனிக்கிழமை இரவு மருந்துப் புட்டி தீர்ந்துபோனது. மருந்தகம் பூட்டியிருந்தது. குளிர்பதனப் பெட்டியில் அம்மாவின் ‘லான்டஸ்’ பேனா இருந்தது. இன்சுலின் எல்லாம் ஒன்றுதானே என்று, சோமுவுக்காகக் கொடுத்த சிவப்பு மூடி சிரிஞ்சாலேயே பேனாவிலிருந்து 2 கோடு அளவுக்கு இழுத்துப் போட்டார். ஞாயிறும் அப்படியே. திங்கள் மாலை எண் 16 காட்டவே, “கொஞ்சம் இறங்கியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் கூட்டினால் சரியாகிவிடும்” என்று 3 கோடு.

செவ்வாய் விடியற்காலை 3 மணிக்குக் காலணி அலமாரிக்கு அடியில் ஏதோ இடிக்கும் சத்தம் கேட்டு எழுந்து போயிருக்கிறார். சோமுவின் தலை ஒரு பக்கமாக ஆடியது. கால்கள் நாலு திசையில் போயின. கண் விரிந்து, கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. தேநீருக்கு வைத்திருந்த டின்பாலை விரலில் தொட்டு ஈறில் தடவியிருக்கிறார். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து உணவைக் கேட்டானாம். பிறகு இவரும் தூங்கப் போய்விட்டார். காலையில் சோதித்தால் 23.6.

“மருந்து வேலை செய்யவில்லை என்றுதானே பொருள், டாக்டர்? 4 போடட்டுமா? என் கணவர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார். அம்மா வெந்தயத் தண்ணீர் கொடுத்துப் பார் என்கிறார். நானாக அளவைக் கூட்டியதை எங்கள் மருத்துவரிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது” என்று எழுதியிருக்கிறார். கூடவே இரண்டு சின்னக் கேள்விகள்: பூனைக்கு உரிமம் எடுக்காதது சிக்கலாகுமா, தீபாவளிக்கு ஈப்போவுக்கு மூன்று நாள் போவதாக இருந்தால் ஊசியை என்ன செய்வது.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அன்றே மின்னஞ்சலில் சில வரிகள் அனுப்பினேன்: அடுத்த ஊசியைப் போடாதீர்கள், இப்போதே உங்கள் மருத்துவரைக் கூப்பிட்டு நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், சோமுவைத் தனியாக விடாதீர்கள். நீங்கள் உடனே கொண்டுபோனதும், அவர் ஓர் இரவு வைத்துப் பார்த்துவிட்டு, புதிய புட்டியோடு மறுபடி 1 யூனிட்டிலிருந்து தொடங்கியிருப்பதும் நிம்மதி. இனி ஏன் அப்படி நடந்தது, இனிமேல் வீட்டில் நீங்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று விரிவாகப் பேசலாம்.

முதலில் ஒன்று. அந்த 3 மணிக்கு நீங்கள் செய்தது சரி. இனிப்பை வாய்க்குள் ஊற்றாமல் ஈறில் தடவினீர்கள். மயங்கும் நிலையில் இருக்கும் பூனையின் வாயில் எதையாவது ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். அது உங்களுக்குத் தெரிந்திருந்ததோ, கை தானாகவே செய்ததோ, சோமு இன்று உயிரோடு இருப்பது அதனால்தான். அதன்பின் மறுபடி தூங்கப் போனதுதான் தவறு. லான்டஸ் மெதுவாக, நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்து. டின்பால் தரும் சர்க்கரை விரைவில் தீர்ந்துவிடும், மருந்து தீராது. தெளிந்துவிட்டதுபோல் தெரிந்த பூனை இரண்டு மணி நேரத்தில் மறுபடி விழலாம்.

சிவப்பு மூடியும் ஆரஞ்சு மூடியும்

நீங்கள் 3 யூனிட் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். போட்டது 3 இல்லை, ஏழரை.

கேனின்சுலின் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் இருக்கும்படி தயாரிக்கப்படுகிறது. அதற்கான சிரிஞ்சுக்கு வழக்கமாகச் சிவப்பு மூடி. அம்மாவின் லான்டஸில் அதே ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட். அதற்கு உரிய சிரிஞ்சுக்கு வழக்கமாக ஆரஞ்சு மூடி. சிரிஞ்சின் மேல் இருக்கும் கோடு திரவத்தின் கொள்ளளவைத்தான் அளக்கிறது, உள்ளே இருப்பது எந்த மருந்து என்று அதற்குத் தெரியாது. சிவப்பு மூடி சிரிஞ்சில் 1 கோடு என்பது 0.025 மில்லிலிட்டர். அதில் கேனின்சுலின் இருந்தால் 1 யூனிட், லான்டஸ் இருந்தால் இரண்டரை யூனிட். ஆக சனியும் ஞாயிறும் சோமுவுக்கு ஒவ்வொரு வேளையும் 5 யூனிட் போயிருக்கிறது, திங்கள் இரவு 7.5. ஒரு பூனைக்கு நாங்கள் முதன்முதலில் எழுதித் தருவது பெரும்பாலும் 1 யூனிட் என்பதை வைத்து இதை யோசித்துப் பாருங்கள்.

உங்களைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. இந்தத் தவறைச் செய்தவர்களில் நன்கு படித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், தாதியர்களைப் பார்த்திருக்கிறேன். ‘யூனிட்’ என்ற சொல் மருந்துக்கும் சிரிஞ்சுக்கும் பொதுவாக இருப்பதால் வரும் குழப்பம் இது. சிரிஞ்சு கொடுக்கும்போது மூடியின் நிறத்தைக் காட்டி இதைச் சொல்லவேண்டியது எங்கள் கடமை. பல நேரம் அவசரத்தில் விட்டுவிடுகிறோம்.

இதிலிருந்து லான்டஸ் பூனைக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது பூனைகளுக்கு நன்றாகவே பலன் தரும் மருந்து, நானும் பலருக்கு எழுதித் தருகிறேன். ஆனால் அது வேறு மருந்து. வேகம் வேறு, உச்சம் தொடும் நேரம் வேறு, சிரிஞ்சு வேறு. மருத்துவர் மாற்றினால் மாறலாம். ஒரு புட்டி தீர்ந்துவிட்டது என்பதற்காக வீட்டில் இருப்பதை எடுத்துப் போடுவது மாற்றம் ஆகாது. அன்று இரவு ஓர் ஊசி போடாமலே விட்டிருந்தால் சோமுவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இன்னொன்று, இது உங்கள் அம்மாவுக்காக. பூனைக்கு வைத்திருந்த சிரிஞ்சு நுழைந்த அந்தப் பேனாவை அம்மா இனித் தொடவேண்டாம். சிரிஞ்சால் இழுக்கும்போது பேனாவுக்குள் காற்று போய்விடும், பிறகு அது காட்டும் அளவை நம்ப முடியாது. கிருமி சேரும் ஆபத்தும் உண்டு. வீசிவிட்டுப் புதியது வாங்குங்கள்.

நீங்கள் பார்த்தது எந்த நேரத்து எண்?

உங்கள் நோட்டில் இருக்கும் எண்கள் எல்லாம் காலை 7, இரவு 7 மணிக்கு எடுத்தவை. அதாவது முந்தைய ஊசியின் பலன் வடிந்துபோன நேரத்தில் எடுத்தவை. கேனின்சுலின் பூனையின் உடலில் போட்ட நான்கு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் உச்ச பலனைத் தொட்டுவிடும். பல பூனைகளில் எட்டு, பத்து மணி நேரத்திலேயே அதன் ஆற்றல் குறைந்துவிடும். ஆகவே காலை 7 மணிக்கு 19, நண்பகலில் 6, மாலை 7 மணிக்கு மறுபடி 18 என்று ஒரு பூனை இருக்கலாம். உங்கள் நோட்டில் 19-உம் 18-உம் மட்டும் இருக்கும். அந்த 6-ஐ நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள்.

நீங்கள் எழுதிய எல்லாவற்றிலும் நான் திருத்த விரும்பும் முதல் எண்ணம் இதுதான். உங்கள் கணக்கில் எண் உயரமாக இருந்தால் மருந்து போதவில்லை. பூனைக்கு இன்சுலின் அளவை முடிவு செய்வது அன்றைய நாளின் மிகத் தாழ்ந்த எண். ஊசிக்கு முன் 18 இருந்தாலும், நடுவில் 5-ஐத் தொட்டுவிட்டு வருகிறான் என்றால் ஒரு சொட்டுகூடக் கூட்ட முடியாது. அங்கே செய்யவேண்டியது மருந்தை மாற்றுவதா, உணவு நேரத்தை மாற்றுவதா என்று யோசிப்பது.

அம்மாவை வைத்து நீங்கள் யோசித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பலதுறை மருந்தகத்தில் அம்மாவுக்கு, இந்த எண்ணுக்கு மேல் போனால் இத்தனை யூனிட் கூட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். அம்மாவால் “தலை சுற்றுகிறது, கை நடுங்குகிறது” என்று சொல்ல முடியும். சோமு சொல்லமாட்டான், அலமாரிக்கு அடியில் போய்விடுவான்.

சரி, செவ்வாய்க் காலை ஏன் 23.6? சர்க்கரை அபாயகரமாக இறங்கும்போது உடல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அட்ரினலின், குளுக்ககான், கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்களைக் கொட்டும். கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை வெளியே தள்ளும். அதன்மேல் டின்பால். அதன்மேல் பயம். பூனைக்குப் பயமே சர்க்கரையை ஏற்றும். நீரிழிவே இல்லாத பூனைக்குக்கூட எங்கள் மேசையில் பிடித்து உட்காரவைத்த நேரத்தில் 16-க்கு மேல் பார்த்திருக்கிறேன். ஊசி போட்ட பின் வரும் உயர்ந்த எண்களுக்கெல்லாம் இப்படி இறங்கி ஏறுவதுதான் காரணம் என்று முன்பு எளிதாகச் சொல்லிவந்தோம். அவ்வளவு அடிக்கடி அது நடப்பதில்லை என்று இப்போது தெரிகிறது. ஆனால் கண்ணெதிரே சோமு விழுந்து, இனிப்பும் கொடுத்த பிறகு வந்த எண்ணை வைத்து அளவைக் கூட்டியிருந்தால், அடுத்த இரவு நீங்கள் எழுந்திருக்காமலும் போயிருக்கலாம். ‘4 போடட்டுமா’ என்று கேட்டுவிட்டு நின்றீர்களே, அதுவே பெரிய காரியம்.

உணவை மாற்றியதும் மருந்தைக் கூட்டியதும்

உலர் உணவிலிருந்து டின் உணவுக்கு மாற்றியது நல்ல முடிவு. பூனை இறைச்சி உண்ணும் உயிர். உலர் உணவில் மாவுச்சத்து அதிகம். நீரிழிவுப் பூனையின் உணவில் மொத்தக் கலோரியில் 12 விழுக்காட்டுக்கு மேல் மாவுச்சத்து வேண்டாம் என்பது நாங்கள் பின்பற்றும் கணக்கு. ஆனால் மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் தேவையும் குறையும், சில பூனைகளுக்குச் சில நாட்களிலேயே. அந்த வாரம் மருந்தைக் குறைக்க வேண்டியிருக்கலாம். நீங்கள் உணவையும் மாற்றி, மருந்தையும் மாற்றி, அளவையும் கூட்டினீர்கள். எது எதைச் செய்தது என்று பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது.

உணவை மாற்றுமுன் உங்கள் மருத்துவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தால் போதும். இனியும் புதிய உணவு, வேறு மருந்து, பல் சிகிச்சை என்று எது வந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

சோமுவைப் போன்ற பூனைகளைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் உண்டு. மனிதர்களின் இரண்டாம் வகை நீரிழிவைப் போன்றதுதான் பெரும்பாலான பூனைகளுக்கு வருவது. தொடக்கத்திலேயே சரியான உணவும் சீரான இன்சுலினும் கிடைத்தால், சில பூனைகளுக்குக் கணையம் மறுபடி வேலை செய்யத் தொடங்கி, இன்சுலினே தேவைப்படாத நிலை வருகிறது. சில மாதங்களில் அப்படி விடுபட்ட பூனைகளை நானே பார்த்திருக்கிறேன். அந்த நிலையை நோக்கிப் போகும் பூனைக்கு மருந்து தேவை சத்தமில்லாமல் குறைந்துகொண்டே வரும். அந்த நேரத்தில் கூட்டிக்கொண்டே போவதுதான் மிகக் கொடுமையான விபத்து.

வீட்டிலேயே அளவை மாற்றலாமா?

மாற்றலாம். சொல்லப்போனால் வீட்டில் எடுக்கும் எண்களைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். கூண்டில் அடைத்து, டாக்சியில் ஏற்றி, நாய் குரைக்கும் கூடத்தில் காத்திருந்து எடுக்கும் எண் சோமுவின் அன்றாட எண் இல்லை. ஆனால் எழுதி வாங்கிய ஒரு திட்டத்தின்படி மாற்றவேண்டும். அதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. எந்த எண்ணுக்கு என்ன செய்யவேண்டும், எப்போது அவரைக் கூப்பிடவேண்டும், இரவு நேரத்தில் எங்கே போகவேண்டும் என்று ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். சோதனை முடிவுகளின் நகலையும் கேளுங்கள். அவர் தர மறுத்தால் இன்னொருவரிடம் ஆலோசனை பெறத் தயங்கவேண்டாம்.

எங்கள் தொழிலில் பொதுவாகப் பார்க்கும் கணக்கு இப்படி இருக்கும். சோமுவுக்கு உங்கள் மருத்துவர் எழுதும் எண்கள் சற்று மாறலாம், அப்படி மாறினால் அவர் சொல்வதே முடிவு.

கூட்டுவது என்றால், ஓர் அளவில் குறைந்தது ஒரு வாரம் இருந்து பார்த்த பிறகுதான். ஒரு முழு நாள், ஊசிக்கு முன் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அடுத்த ஊசி வரை எண் எடுங்கள். மிகத் தாழ்ந்த எண்ணே 9-க்கு மேல் நின்று, தாகமும் இளைப்பும் தொடர்ந்தால், அரை யூனிட், மிஞ்சினால் ஒரு யூனிட். அதுவும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு. தாழ்ந்த எண் 4.5-க்கும் 8-க்கும் இடையில் இருந்தால் அளவைத் தொடாதீர்கள், காலை எண் எவ்வளவு கவலைப்படுத்தினாலும்.

குறைப்பதற்குக் காத்திருக்க வேண்டாம். எப்போது பார்த்தாலும் 4-க்குக் கீழே போனால், சோமு நன்றாக நடமாடினாலும், முதலில் உணவு, பிறகு அடுத்த ஊசிக்கு முன்பே தொலைபேசி. ஊசி போடும் நேரத்தில் எண் 10-க்குக் கீழே இருந்தாலும் கை நிறுத்துங்கள், கேட்டுவிட்டுப் போடுங்கள். சாப்பிடாத பூனைக்கு முழு அளவு போடவே கூடாது. பாதிதான் சாப்பிட்டான் என்றால் பாதி அளவு போடுவதா, விடுவதா என்பதை அந்தத் தாளில் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள், காலை 7 மணிக்கு வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் யோசிக்க முடியாது. போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால், அல்லது போடும்போது சோமு துள்ளி மருந்து முடியில் வழிந்துவிட்டால், மறுபடி போடாதீர்கள்.

ஆனால் எண்ணைவிடப் பெரிய சாட்சி சோமுவேதான். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறான், மணல் தட்டில் எத்தனை கட்டி, வாரம் ஒருமுறை எடை. குதிகாலைத் தரையில் பதித்து முயலைப்போல் நடக்கிறான் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அது முதுமை இல்லை, உயர்ந்த சர்க்கரை நரம்பைத் தாக்கியதன் அடையாளம். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் மாதக்கணக்கில் மெல்லத் திரும்பி வரும். அவன் மறுபடி சன்னல் திண்டுக்குத் தாவும் நாளை நோட்டில் குறித்துவையுங்கள்.

அம்மாவின் குளுக்கோமீட்டரைப் பற்றி. மனித ரத்தத்தில் சர்க்கரையில் ஏறக்குறைய 58 விழுக்காடு பிளாஸ்மாவிலும் மீதி சிவப்பணுவிலும் இருக்கிறது. பூனையில் 93 விழுக்காடு பிளாஸ்மாவில். மனிதருக்கான கருவி முதல் கணக்கை நம்பிச் செய்யப்பட்டது, ஆகவே பூனையில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். நான் மேலே சொன்ன எண்கள் ‘ஆல்ஃபாட்ராக்’ போன்ற, விலங்குகளுக்கென்றே உள்ள கருவிக்கானவை. முடிந்தால் அப்படி ஒன்று வாங்குங்கள். முடியாவிட்டால் அம்மாவின் கருவியையே வைத்துக்கொள்ளலாம், ஆனால் மாற்றி மாற்றி இரண்டில் எடுக்காதீர்கள், எந்தக் கருவி என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அம்மாவின் ஊசிமுனையை மட்டும் பகிரவேண்டாம். தோளில் ஒட்டிவைத்து நாள் முழுதும் எண்ணைக் காட்டும் ‘லிப்ரே’ உணரியைப் பூனைக்கும் பொருத்துகிறோம். இரண்டு வாரம் வரை தாங்கும், சில பூனைகள் அதற்கு முன்பே பிய்த்துவிடும். நாள் முழுதும் விழித்திருந்து குத்த முடியாதவர்களுக்கு அது நல்ல வழி.

காதில் குத்தும்போது சோமு தலையை உதறுகிறான் என்றீர்கள். சின்னப் புட்டியில் வெதுவெதுப்பான நீர் நிரப்பி, துணி சுற்றி, காது மடல் சூடாகும்வரை அரை நிமிடம் வைத்துப் பிடியுங்கள். காதின் உள்பக்கம் ஒரு பஞ்சு வைத்துக்கொண்டு, ஓரத்தில் ஓடும் மெல்லிய ரத்தநாளத்துக்கும் விளிம்புக்கும் இடையில் குத்துங்கள். கடுகளவு சொட்டு வந்தால் போதும். குத்திய இடத்தை அழுத்திப் பிடித்துவிட்டு உடனே ஒரு துண்டு அவித்த கோழி. ஒரு வாரத்தில் குளுக்கோமீட்டர்ப் பையின் ஜிப் சத்தம் கேட்டாலே கோழிக்காக ஓடிவந்து நிற்பான்.

மறுபடி அப்படி நடந்தால்

தள்ளாட்டம், திடீரென்று வெறித்தனமான பசி, நடுக்கம், கூப்பிட்டால் பார்க்காத கண், வலிப்பு. இவற்றில் எதைப் பார்த்தாலும் எண் எடுக்கிறேன் என்று நேரத்தைச் செலவிட வேண்டாம். தானாகச் சாப்பிடும் நிலையில் இருந்தால் உடனே உணவு. சாப்பிடமுடியாவிட்டால் தேன் அல்லது குளுக்கோஸ் பாகு, ஒரு தேக்கரண்டி அளவு, சிறிது சிறிதாக ஈறில். வலிப்பு வந்துகொண்டிருந்தால் விரலை வாய்க்குள் விடாதீர்கள், கடித்துவிடுவான். அது சற்று அடங்கியதும் தடவுங்கள். பிறகு, தெளிந்தாலும் தெளியாவிட்டாலும், இரவு முழுதும் திறந்திருக்கும் விலங்கு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அந்த முகவரியும் எண்ணும் குளிர்பதனப் பெட்டிக் கதவில் இப்போதே ஒட்டியிருக்கட்டும். இனிப்பும் பக்கத்திலேயே.

எதிர்ப்பக்கத்து ஆபத்தையும் சொல்லவேண்டும், உங்கள் கணவருக்காக. இன்சுலினை நிறுத்திவிட்டால் உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்ற அமிலத்தைச் சேர்த்துக்கொள்ளும். வாந்தி, உணவை மறுப்பது, சுருண்டு படுப்பது, மூச்சில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை. சில நாட்களில் உயிரைக் குடித்துவிடும். அவர் பயந்துபோய்ச் சொன்னார் என்று புரிகிறது, அந்த இரவைப் பார்த்த யாரும் அப்படித்தான் சொல்வார்கள். வழி நிறுத்துவது இல்லை, குறைந்த அளவிலிருந்து மறுபடி தொடங்குவது. உங்கள் மருத்துவர் அதைத்தான் செய்திருக்கிறார். சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டை மருந்துக்கடையில் கிடைக்கும், ஒரு குப்பி வாங்கி வையுங்கள். அம்மாவின் வெந்தயத் தண்ணீரை அம்மாவே குடிக்கட்டும். சோமுவுக்கு அது உணவைக் கெடுத்துப் பசியைக் குறைத்தால், பசி குறைந்த பூனைக்கு இன்சுலின் போடுவது இன்னும் ஆபத்து.

எல்லாம் சரியாகச் செய்தும் சர்க்கரை இறங்காமல், அளவு ஏறிக்கொண்டே போனால் அப்போது வேறு காரணம் தேடவேண்டும்: அழுகிய பல், சிறுநீர்த் தொற்று, கணைய வீக்கம், தோல் அரிப்புக்குப் போட்ட ஸ்டீராய்டு ஊசி. மூளையடிச் சுரப்பியில் வரும் சிறு கட்டியால் வளர்ச்சி ஹார்மோன் பெருகி இன்சுலினை மதிக்காத பூனைகளும் உண்டு. பிரிட்டனில் 1,221 நீரிழிவுப் பூனைகளின் ரத்தத்தைப் பார்த்து 2015-ல் வெளியான ஆய்வு, ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு இது இருக்கலாம் என்று மதிப்பிட்டது. சோமுவுக்கு இப்போதே அதைத் தேடவேண்டாம். கடந்த சில வாரச் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமின் சோதனையை அடுத்த சந்திப்பில் கேளுங்கள், அது போதும்.

உரிமத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 2024 செப்டம்பர் 1 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். மைக்ரோசிப் பொருத்தி, தேசிய பூங்காக் கழகத்தின் கீழ் உள்ள விலங்கு மருத்துவச் சேவைப் பிரிவிடம் உரிமம் எடுக்கவேண்டும். ஏற்கெனவே பூனை வைத்திருப்பவர்களுக்கு 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசம் தரப்பட்டது. உரிமம் இல்லை என்பதற்காக நோயுற்ற பூனையை நான் திருப்பி அனுப்பியதில்லை, சக மருத்துவர்களும் அப்படித்தான். சிகிச்சையைத் தள்ளிப்போட அதை ஒரு காரணமாக்காதீர்கள். சோமுவுக்கு மைக்ரோசிப் இல்லையென்றால் அடுத்த சந்திப்பிலேயே போட்டுவிடலாம்.

மருத்துவரிடம் சொல்ல வெட்கம் என்றீர்கள், ஆனால் சொல்லிவிட்டீர்கள். லான்டஸ், சிவப்பு மூடி, 3 கோடு என்ற மூன்று செய்தியையும் நீங்கள் மறைத்திருந்தால் அவர் 23.6-ஐப் பார்த்து மருந்தைக் கூட்டியிருக்கக்கூடும்.

தீபாவளிப் பயணம். போய்வாருங்கள், ஆனால் மூன்று வாரத்துக்கு முன்பே உங்கள் நாத்தனாரை வரவழைத்து ஊசி போடப் பழக்குங்கள். ஒருமுறை உங்கள் கண்ணெதிரே வெறும் உப்புநீரை ஆரஞ்சுப் பழத்தில், பிறகு சோமுவுக்கு அவரே நான்கைந்து முறை. கேனின்சுலின் புட்டி குளிர்பதனப் பெட்டியின் நடுத் தட்டில் இருக்கட்டும், உறைபெட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம். பால்போல ஒரே சீராகக் கலங்கும்வரை ஆட்டி, நுரை அடங்கியபின் இழுக்கவேண்டும் என்று காட்டிக்கொடுங்கள். சிவப்பு மூடி சிரிஞ்சுகளைப் புட்டியோடு ஒரே டப்பாவில் போட்டு மேலே ‘சோமு’ என்று எழுதுங்கள், அம்மாவின் பொருட்கள் வேறு தட்டுக்குப் போகட்டும். பயன்படுத்திய ஊசிகளைத் திருகுமூடி உள்ள கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் சேர்த்து மருந்தகத்தில் கொடுங்கள், குப்பைக் குழாயில் போடாதீர்கள். கதவில் ஒரு நாட்காட்டி, ஒவ்வோர் ஊசிக்கும் ஒரு குறி. குறி இருந்தால் போட்டாயிற்று. குறி இல்லை, நினைவும் இல்லை என்றால் அந்த வேளையை விட்டுவிடச் சொல்லுங்கள், ஈப்போவிலிருந்து நீங்கள் என்ன சொன்னாலும்.